அக்டோபர் பதினாலாம் தேதிப் பட்டியல்

வெர்னா லாக்ரிட்ஜின் உத்தியோகம் கொலை. அப்படித்தான் அவள் புருஷன் ஹாலிஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"எம் பொண்டாட்டி இதுவரைக்கும் நாப்பதாயிரம் வேற்றுலகத்தக் கொன்னுருக்கா. காலைல காபி ஆறறதுக்குள்ள ரெண்டு."

மலைகளுக்கு நடுவே அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. உள்ளே ஒரு கால்பந்து மைதானத்தைத் தூக்கி வைத்துவிடலாம். ராத்திரி முழுக்க அது ஒவ்வொரு நட்சத்திரமாக ஒட்டுக்கேட்கும். யாரோ வேண்டுமென்றே அனுப்பியது போல, ஒரே சுருதியில் நிற்கிற மெல்லிய ரேடியோ அலை ஏதாவது அகப்பட்டால் கம்ப்யூட்டர் அதைப் பட்டியலில் சேர்த்துவிடும். காலையில் வெர்னா வந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எதிரே 'காரணம்' என்ற கட்டத்தில் அது உண்மையில் என்னவென்று எழுதுவாள். விமானம். செயற்கைக்கோள். மாட்டுப் பண்ணையின் மின்வேலி. சர்ச் சமையலறையில் யாரோ சூப்பைச் சூடாக்கிய மைக்ரோவேவ் அடுப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. ஒரு நாளும் அந்தக் கட்டத்தை அவள் காலியாக விட்டதில்லை, தெரியாததைத் தெரிந்ததாக எழுதியதும் இல்லை.

ஹாலிஸ் அந்தத் தேடலுக்கே தலைவன். ஆபீஸில் தலைவன் என்றால் வீட்டிலும் தலைவனா என்ன? காலைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நம் பால்வீதியில் பேசத் தெரிந்த உலகங்கள் எத்தனை? நட்சத்திரங்கள் எத்தனை பிறக்கின்றன, எத்தனைக்குக் கிரகம் உண்டு, எத்தனையில் உயிர் முளைக்கும், எத்தனையில் புத்தி முளைக்கும் என்று ஏழு எண்களைப் பெருக்குகிற கணக்கு ஒன்று அந்தத் தொழிலில் இருக்கிறது. ஏழில் ஐந்து எண்கள் யாருக்கும் தெரியாது. அதனால் அவரவர் குணத்துக்கு ஏற்ற விடை அவரவருக்குக் கிடைக்கும். ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய சின்ன வெள்ளைப் பலகையில் ஹாலிஸ் பத்தாயிரம் என்று எழுதியிருந்தான். வெர்னா ஒன்று என்று எழுதியிருந்தாள், நம்முடையது மட்டும்.

"இருபதாயிரம் கோடி நட்சத்திரத்துல ஒன்னே ஒன்னா? உனக்கு மனசாட்சியே கெடையாதாடி?"

"உசுரு முளைக்கும், யாரு இல்லேன்னா? பாசி முளைக்கும். பாசி எதுக்குய்யா ரேடியோ கட்டப்போவுது?"

"சரி போ, பத்தாயிரம் வேணாம். ஐயாயிரம்."

"இதென்ன மாட்டுச் சந்தையா, பேரம் பேசறதுக்கு? அந்தக் கடைசி எண்ணுல மாட்டிக்குவ நீ. எத்தன காலம் பேசிக்கிட்டு இருக்காங்கங்கற எண்ணு. ஒருத்தன் பேசற நேரத்துல இன்னொருத்தன் உசுரோட இருக்கணும், காதும் குடுக்கணும். அது ரெண்டும் ஒன்னா அமையவே அமையாது."

"நமக்கு அமைஞ்சுதே," என்பான் ஹாலிஸ், வாய் நிறைய அப்பத்தை வைத்துக்கொண்டு.

இதற்கு ஒரு பந்தயமும் உண்டு. ஹாலிஸிடம் மான் வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுத் தொப்பி ஒன்று இருந்தது. முப்பது வருஷ வேர்வையும் எண்ணெயும் ஏறி, நாய்கூட முகர்ந்து பார்க்காத தொப்பி. வேறொரு உலகம் கண்டுபிடிக்கப்பட்டால் வெர்னா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

தேடுகிறவர்கள் தூங்கிவிடக் கூடாது என்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், பொய்யான ஓர் அலையை அவர்களே கருவிக்குள் ஒளித்துவைப்பார்கள். தட்டு அந்த நட்சத்திரத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அலை கேட்கும். வேறு பக்கம் திரும்பினால் கேட்காது. அச்சு அசல் நிஜம் போலவே இருக்கும். எந்த நட்சத்திரம், எந்த அலைவரிசை என்று ஒரு படிவத்தில் எழுதி, உறையில் ஒட்டி, ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். ஒளித்துவைத்தவன் தன் பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது. உறை இருக்கிறது என்பதையே சொல்லக் கூடாது. ஒளித்துவைப்பது எப்போதும் ஹாலிஸ்தான். கண்டுபிடிப்பது எப்போதும் வெர்னாதான். அவள் முகம் சிவக்க உறையோடு வந்து நிற்கும்போது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். போன வருஷத்து உறையை ஜூலையிலேயே திறந்தாகிவிட்டது.

அதற்கப்புறம் ஹாலிஸின் கணையத்தில் கட்டி என்றார்கள். அக்டோபர் பதினைந்தாம் தேதி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி செத்துப்போனான். இருபத்தைந்து நாள்.

அந்த இருபத்தைந்து நாளும் வெர்னா பாதி நாள் ஆபீஸுக்குப் போனாள். போனாளே தவிர வேலை பார்க்கவில்லை. அவளால் முடியவில்லை. பட்டியல்களைத் திறக்காமலேயே ஒரு கோப்பில் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு மணி நேரம் காரோட்டி ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவள் உள்ளே நுழைந்ததும் ஹாலிஸ் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு ஏதாவது கெடச்சுதா?" என்பதுதான்.

"ஒன்னும் இல்ல. மைக்ரோவேவ் அடுப்பு."

தினமும் கேட்பான். தினமும் அதே பதில். சாகக் கிடக்கிறபோதும் இந்த மனுஷனுக்கு வேலை புத்தி போகவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட வந்தது. நவம்பர் ஆறாம் தேதி கொஞ்சம் அழுத்தியே கேட்டான்.

"எல்லாப் பட்டியலும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"நெஜமாவா வெர்னா? அக்டோபர் பட்டியல் எல்லாம்?"

"நெஜமாத்தான். எல்லாம் குப்பை. நீ சும்மா படு."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

மார்ச் மாதம் பனி இன்னும் உருகவில்லை. ஜூன் மாதத்தோடு தேடலை மூடிவிடுவதாக மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஹாலிஸின் இடத்துக்கு வந்திருந்த ரூபன் ஒர்ட்டேகா, தென்மேற்கே பாலைவன ஊரிலிருந்து வந்து இந்தக் குளிரில் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்குகிற நல்ல பிள்ளை, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வெர்னா, மூடறதுக்குள்ள அந்த அக்டோபர் பட்டியலும்... உங்களால முடிஞ்சா பாருங்க. இல்லேன்னா நான் பாக்கறேன்."

"எம் பட்டியல்ல நீ ஏன் கை வைக்கற? நானே பாக்கறேன்."

மார்ச் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, அவள் திறந்த முதல் பட்டியலே அக்டோபர் பதினாலாம் தேதியுடையது. ஏழாவது வரியில் இருந்தது அது. மெல்லிசாக, நேராக, நட்சத்திரத்தின் மேல் தட்டு நின்ற ஐந்து நிமிஷமும் இருந்து, தட்டு விலகியதும் மறைந்து, மறுபடி திரும்பியதும் மறுபடி வந்திருந்தது. அவள் விமானம் என்று எழுதப் போனாள், விமானம் இல்லை. செயற்கைக்கோள்களின் அட்டவணையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பத்தரை மணிக்கு ரூபனைக் கூப்பிட்டாள்.

ரூபன் வந்து பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் தட்டை அதே நட்சத்திரத்துக்குத் திருப்பினார்கள். ஐந்து மாதம் கழித்தும் அது அங்கேயே இருந்தது.

டாய்ல் ஷீட்ஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் கிடையாது, வீட்டுக்கு வீடு வைஃபை கிடையாது. யாராவது திருட்டுத்தனமாக ஏதாவது வைத்துத் தட்டின் காதைக் கெடுக்கிறார்களா என்று, கூரையெல்லாம் ஆன்டெனா முளைத்த வண்டியில் சுற்றிக் கண்டுபிடிப்பதுதான் டாய்லின் பிழைப்பு. வெர்னாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சனிக்கிழமை மத்தியானம் வரை வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வந்தான்.

"மெக்நீல் வீட்டு நாய் மெத்தைக்கு மின்சாரச் சூடு வச்சிருக்காங்க வெர்னா. புடுங்கிட்டேன். நாய் என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஜென்மத்துக்கும் மன்னிக்காது. ஆனா ஒன்னோட ஆளு அது இல்ல."

"வேற?"

"வேற ஒன்னும் இல்ல. பள்ளத்தாக்கே பொணம் மாதிரி கெடக்கு. இது மேலேருந்துதான் வருது, புள்ள."

மிச்சமிருந்தது இரும்புப் பெட்டி. ரூபன் சாவியைப் போட்டான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே பழைய ரசீதுப் புத்தகமும் ஒரு செத்த பூச்சியும் இருந்தன. உறை இல்லை.

"காலி," என்றான் ரூபன். இன்னொரு தடவை, "காலி!" என்று கத்தினான். டாய்ல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். ரூபன் வெர்னாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் என்னென்னவோ சொல்லி அழுதான். பூமியின் தென்பாதி நாடு ஒன்றில் இன்னொரு தட்டு இருக்கிறது. திங்கட்கிழமை அவர்களும் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களும் கேட்டுவிட்டால் முடிந்தது. உலகமே மாறிவிடும்.

வெர்னா உலகத்தை நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். தன் பெயருக்கு நேரே இருந்த ஒன்றை விரலால் அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். ஹாலிஸின் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க நம்பினான், அவள் ஆயுசு முழுக்கக் கேலி செய்தாள், கடைசியில் அவன் சொன்னதுதான் சரி. தோற்றதில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"ஜெயிச்சுட்டய்யா," என்று சமையலறையில் சத்தமாகவே சொன்னாள். நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தயம் பந்தயம்தான். தொப்பி எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவன் அதைத்தான் போட்டிருந்தான். சாமான்களை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பையை நவம்பர் மாதத்திலிருந்து அவள் அவிழ்க்கவில்லை. அலமாரிக்கு அடியில் எட்டித் தள்ளிவைத்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு, சர்ச்சுக்குப் போகிற உடுப்போடு தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். தொப்பி மேலேயே இருந்தது. நாற்றமும் அப்படியே இருந்தது. முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தொப்பிக்கு அடியிலிருந்த கோட்டை எடுத்து உதறினாள். உள்பையில் ஏதோ மொடமொடத்தது.

பழுப்பு உறை. ஓரம் ஒட்டியிருந்தது.

பிரிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் பார்த்த அதே படிவம், அதே கிறுக்கல் எழுத்து. ஒளித்துவைத்த நாள், அக்டோபர் பதினாலு. நட்சத்திரம், அதே நட்சத்திரம். அலைவரிசை, கடைசி எண் வரை அதே. யார் கண்டுபிடிப்பார்: வெர்னா. எத்தனை நாளில்: இரண்டு. கீழே குறிப்பு என்ற இடத்தில், 'வருஷத்துக்கு ஒன்றுதான் விதி, தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்குப் பொழுது போக வேண்டாமா? அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தான்.

பதினைந்தாம் தேதி காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. காரில் வலி தாங்காமல் வளைந்து உட்கார்ந்திருந்தவன், ஆபீஸ் திருப்பம் வந்ததும், "ஒரு நிமிஷம் நிறுத்து வெர்னா. உள்ள போயிட்டு வந்துடறேன்," என்றான்.

"ஒரு மண்ணும் வேணாம். ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிடாது," என்று சொல்லி, வேகத்தைக் குறைக்காமல் அவள் ஓட்டிக்கொண்டு போனாள். அவன் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தான். விதிப்படி அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

இன்னிக்கு ஏதாவது கெடச்சுதா? தினமும் கேட்டான். இருபத்து மூன்று நாள் கேட்டான். வேலை புத்தியா அது? உறையை வைத்துக்கொண்டு, அவள் முகம் சிவந்து வந்து நிற்கப்போகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஏழாவது வரி. ஒரே ஒரு தடவை திறந்திருந்தால் போதும், அரை மணி நேரத்தில் பிடித்திருப்பாள். அவள் திறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, திறந்ததாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வேலையைப் பற்றி அவள் சொன்ன ஒரே பொய், அதை நம்பியவனிடம் சொன்னது. எல்லாம் குப்பை என்றாள். தான் வைத்ததை அவளே குப்பை என்று தள்ளிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் சுவர்ப் பக்கம் திரும்பினான். அவள் அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

வெர்னா தரையில் கிடந்து வாய்விட்டு அழுதாள். அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உறையை அதில் போட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக்குத் தெற்கே அவர்கள் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது. இங்கே கேட்டது அங்கே கேட்கவில்லை என்று ஆகும். ரூபன் ஒருவேளை கருவியைக் குடைந்து கண்டுபிடிப்பான், ஒருவேளை மாட்டான். மூடுவதை ஒரு வருஷம் தள்ளிப்போடுவார்கள். பலகையில் இரண்டு அப்படியே இருக்கும். ஹாலிஸ் ஜெயித்தவனாகவே இருப்பான். அவள் அடுப்புக் கதவைத் திறந்துகூடப் பார்த்தாள். பிறகு மூடினாள். இன்னொரு பொய்யா, அதுவும் அதே பட்டியலைப் பற்றி? முடியாது.

சர்ச்சுக்குப் போகாமல் நேரே ஆபீஸுக்குப் போனாள். அங்கே ரூபன் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு ராத்திரியாகத் தூங்காத முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. டாய்ல் அவனுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். வெர்னாவின் தலையில் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்ததும், "அடிச்சான் பாரு! தோத்துட்டியா புள்ள?" என்று குதித்தான்.

"தோத்துட்டேன் டாய்ல்," என்று சொல்லிவிட்டு வெர்னா உறையை மேஜையில் வைத்தாள்.

ரூபன் படித்தான். இரண்டாம் தடவை படித்தான். கம்ப்யூட்டரில் ஹாலிஸின் பழைய கோப்புகளைத் தேடி, ஒளித்துவைத்திருந்ததை எடுத்துவிட்டுத் தட்டை மறுபடி திருப்பினான். ஐந்து நிமிஷம் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் ஊமையாக இருந்தது.

"இத நீங்க காட்டாமயே இருந்திருக்கலாம்," என்றான் ரூபன்.

"இருந்திருக்கலாம்."

"நாளைக்கு ஒரு நாளாவது..."

"அவன் எனக்காக வச்சதுப்பா அது. ஊருக்காக வச்சதில்ல."

டாய்ல் எழுந்து வெளியே போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெர்னா தன் நாற்காலியில் உட்கார்ந்து அக்டோபர் பதினாலாம் தேதிப் பட்டியலைத் திறந்தாள். ஏழாவது வரிக்கு எதிரே காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'ஹாலிஸ்' என்று எழுதினாள். அத்தோடு அந்த உலகமும் செத்தது.

படிவத்தின் கீழ்ப்பாதி கண்டுபிடித்தவர் நிரப்ப வேண்டியது. அதை அமைத்தவனே ஹாலிஸ்தான், வேடிக்கைக்காக. பெயர் எழுதினாள். கண்டுபிடித்த நாள் எழுதினாள். எத்தனை நாளில் என்ற இடத்தில், விரல் விட்டு எண்ணி, நூற்று ஐம்பத்தொன்று என்று எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: ஒளித்துவைத்தவரிடம் சொல்லியாகிவிட்டதா? ஆம், இல்லை.

"அத விட்டுடுங்க வெர்னா," என்றான் ரூபன். "அத எழுத வேணாம்."

"காலியா விடக் கூடாதுப்பா," என்றாள் அவள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவால் 'இல்லை' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.